பால்வாடிக்கு இன்னொரு ஆள்

மாநில நிதிநிலை அறிக்கை வெளியாகும் நாளில் நான் முதலில் தேடுவது 2235, 2236 என்ற இரண்டு எண்களை. நிதியமைச்சரின் உரையையும் கேட்பேன். ஆனால் உரையில் வருபவை அறிவிப்புகள். பணம் எங்கே போகிறது என்பதைக் கணக்குத் தலைப்புகளில்தான் பார்க்க முடியும். சார் கருவூலத்தில் பட்டியல்களைச் சரிபார்த்துக் கடவு செய்யும் வேலையில் பல ஆண்டுகள் இருந்ததால் வந்த பழக்கம் இது. 2235 என்பது சமூகப் பாதுகாப்பும் நலனும். 2236 ஊட்டச்சத்து. ஊரில் இன்றும் பால்வாடி என்றே சொல்லப்படும் அங்கன்வாடியின் ஊதியம், பருப்பு, முட்டை, அடுப்பு, வாடகை எல்லாம் பெரும்பாலும் இந்த இரண்டு தலைப்புகளுக்குள் அடங்கிவிடும்.

கல்விக்கான தலைப்பு 2202. அங்கே தொடக்கப் பள்ளி இருக்கிறது, உயர்நிலைப் பள்ளி இருக்கிறது, பல்கலைக்கழகம் இருக்கிறது. மூன்று வயதுக் குழந்தை பால்வாடியில் உட்கார்ந்து பாட்டுப் பாடுவதும், கொட்டைகளை எண்ணி அடுக்குவதும், பக்கத்துக் குழந்தையோடு பொம்மையைப் பகிர்ந்துகொள்ளப் பழகுவதும் அரசுக் கணக்கில் கல்வியாகப் பதிவாவதில்லை. அந்தக் குழந்தை அங்கே ஒரு பயனாளி. அதற்கு உணவு உண்டு, எடை உண்டு, தடுப்பூசி உண்டு. அது கற்றுக்கொள்வதற்கென்று தனியாக ஒரு ரூபாய் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று தேடினால், விளையாட்டுப் பொருள்கள் அடங்கிய ஒரு முன்பருவக் கல்விப் பெட்டியில் போய் முடியும்.

என் அக்கா அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கன்வாடிச் செலவுப் பட்டியல்கள் என் மேசைக்கு வந்தபோது, அவற்றின் மறுமுனையில் என்ன நடக்கிறது என்பதை அவர் வழியாகவே நான் அறிந்தேன். இரண்டு முனைகளையும் பார்த்த பிறகு எனக்கு ஒரு கருத்து உறுதியாகிவிட்டது. சின்னக் குழந்தைகளுக்காக அரசு செலவிடும் பணம் பொருளாக மாறுகிறது, கட்டடமாக மாறுகிறது, கைப்பேசியாகவும் மாறுகிறது. அவர்களோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவரின் நேரமாக மட்டும் அது மாறுவதில்லை. குழந்தைக்கு வேண்டியதில் பெரும்பகுதி அந்த நேரம்தான்.

இதற்குச் சட்டத்திலேயே ஒரு காரணம் இருக்கிறது. 2002இல் வந்த 86ஆவது அரசமைப்புத் திருத்தம் 6 முதல் 14 வயது வரையிலான கல்வியை அடிப்படை உரிமையாக்கியது. ஆறு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு அரசு ‘முயல வேண்டும்’ என்று 45ஆவது பிரிவைத் திருத்தி எழுதியது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தன் 11ஆவது பிரிவில், மூன்று முதல் ஆறு வயதினருக்கு அரசு ஏற்பாடு செய்யலாம் என்கிறது. செய்தே தீர வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் உணவு விஷயத்தில் நிலைமை வேறு. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான ஒவ்வொரு குழந்தைக்கும் அங்கன்வாடி வழியாக இலவச உணவை உரிமையாக்கியது. ஆகவே நிதித் துறை மேசையில் உணவு என்பது கட்டாயச் செலவு, கற்றல் என்பது விருப்பச் செலவு. வருவாய் இறுகும் ஆண்டில் எதன் மீது கத்தரி விழும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

2019 ஜனவரியில் தமிழ்நாட்டில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டன. பள்ளிகளில் உபரியாக இருந்த ஆசிரியர்கள் அங்கே அனுப்பப்பட்டார்கள். 2022இல் அவர்கள் பள்ளிகளுக்கே திரும்ப அழைக்கப்பட, வகுப்புகள் நின்றுவிடும் என்ற நிலை வந்தது. எதிர்ப்பு எழுந்த பிறகு அவை தொடரும் என்று அரசு அறிவித்தது. இதை ஒரு கட்சியின் குறையாக நான் பார்க்கவில்லை. நிரந்தரமான கணக்குத் தலைப்பும் பணியிடமும் இல்லாமல் தொடங்கப்படும் எந்த வகுப்புக்கும் இந்தத் தடுமாற்றம் வரும்.

தமிழ்நாட்டுக்கு இது புதிய துறை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் தொடங்கியது. அதற்கு ஐந்தாண்டுகள் கழித்து, 1980இல், உலக வங்கிக் கடனுதவியோடு தமிழ்நாடு தனக்கென ஓர் ஊட்டச்சத்துத் திட்டத்தை ஆரம்பித்தது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையிலான குழந்தைகளை மாதந்தோறும் எடைபார்ப்பது, எடை ஏறாத குழந்தைக்கு மட்டும் குறிப்பிட்ட காலத்துக்குக் கூடுதல் உணவு தருவது, தாயிடம் பேசுவது: கிராமத்துப் பணியாளரின் வேலை அவ்வளவுதான். வேலை தெளிவாகவும் அளவாகவும் இருந்ததே அந்தத் திட்டத்தின் பலம் என்று அதை ஆராய்ந்தவர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது, பள்ளிப் பிள்ளைகளோடு இரண்டு வயது முதலான குழந்தைகளும் அதில் சேர்க்கப்பட்டார்கள். இவ்வளவு பணத்துக்கு எங்கே போவது என்று அன்றும் கேட்டார்கள். மாநிலம் பணத்தைத் தேடிக்கொண்டது. இன்று தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. பல மாநிலங்களில் முட்டை என்றாலே சர்ச்சை எழும்போது இங்கே வாரத்தில் மூன்று நாள் முட்டை போடுகிறார்கள். இதெல்லாம் சும்மா வந்தவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ ஒருவர் நிதித் துறையோடு மல்லுக்கட்டி வாங்கிய ஒதுக்கீடு இருக்கிறது.

பணம் எப்படி வருகிறது? அங்கன்வாடிக்கான பொதுச் செலவில் மத்திய அரசு 60 பங்கு, மாநிலம் 40 பங்கு. ஊட்டச்சத்துச் செலவில் பாதிப் பாதி. வடகிழக்கு மாநிலங்களுக்கும் இமயமலை மாநிலங்களுக்கும் விகிதம் வேறு. இந்த விகிதங்கள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன என்பதுதான் கவனிக்க வேண்டியது. 2005க்கு முன்பு உணவுச் செலவு முழுவதும் மாநிலங்களின் தலையில் இருந்தது, நிர்வாகச் செலவை மத்திய அரசு ஏற்றது. பிறகு உணவில் பாதியை மத்திய அரசு ஏற்றுக்கொண்டது. நிர்வாகச் செலவில் மாநிலத்தின் பங்கு முதலில் 10 ஆனது, பின்னர் 40 ஆனது.

2015ஆம் ஆண்டு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பதினான்காவது நிதிக்குழுவின் பரிந்துரைப்படி மத்திய வரி வருவாயில் மாநிலங்களின் பங்கு 32 சதவீதத்திலிருந்து 42 சதவீதமாக உயர்ந்தது. கேட்க நன்றாக இருந்தது. அதே ஆண்டு மத்திய நிதிநிலை அறிக்கையில் குழந்தை வளர்ச்சித் திட்டத்துக்கான ஒதுக்கீடு, முந்தைய ஆண்டில் 18 ஆயிரம் கோடிக்கு மேல் இருந்தது, சுமார் 8,300 கோடியாக இறங்கியது. மாநிலங்களுக்குத்தான் கூடுதல் வரிப்பங்கு கொடுத்துவிட்டோமே, அவர்கள் செலவிடட்டும் என்பது வாதம். மத்திய அமைச்சரவைக்கு உள்ளிருந்தே இதற்கு மறுப்பு எழுந்தது; ஆண்டின் நடுவில் ஒதுக்கீட்டைக் கூட்ட வேண்டிவந்தது. தமிழ்நாட்டுக்கு இதில் இன்னொரு அடியும் இருந்தது. மாநிலங்களுக்குள் பிரிக்கும்போது நம் பங்கு 4.969 சதவீதத்திலிருந்து 4.023 சதவீதமாகக் குறைந்திருந்தது. மொத்தப் பானை பெரிதாயிற்று, நம் அகப்பை சிறிதாயிற்று.

இந்த மாதிரி ஆண்டுகளில் மாநில நிதித் துறை என்ன செய்யும்? மத்தியப் பங்கு உறுதியாக வரும் என்று தெரியாதபோது புதிய பணியிடம் எதையும் உருவாக்காது. உணவு நிற்கக்கூடாது, அது உரிமை. ஊதியம் நிற்கக்கூடாது, தெருவுக்கு வந்துவிடுவார்கள். மிச்சம் எல்லாம் ஒத்திவைக்கப்படும். பத்து ஆண்டுகள் கழித்தும் அந்த அச்சம் போகவில்லை. கல்வியில் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட நிதி 2024-25இல் இரண்டாயிரம் கோடிக்கும் மேல் தமிழ்நாட்டுக்கு வராமல் நின்றது. அதைப் பார்த்த எந்த நிதிச் செயலாளரும் மத்தியப் பங்கை நம்பி ஆள் எடுக்கத் தயங்குவார். அந்தத் தயக்கத்தை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது, ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

உணவுக்கான விலையையும் ஒரு முறை பார்த்துவிடலாம். ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு எட்டு ரூபாய் என்று 2017இல் மத்திய அரசு நிர்ணயித்தது. கடுமையான எடைக்குறைவு உள்ள குழந்தைக்குப் பன்னிரண்டு ரூபாய். இந்த எட்டு ரூபாயில் 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும் இருக்க வேண்டும், ஆண்டுக்கு 300 நாள் கொடுக்க வேண்டும். ஆக ஒரு குழந்தைக்கு ஆண்டுக்கு 2,400 ரூபாய், அதில் மாநிலத்தின் பாதி 1,200. 2017இல் துவரம்பருப்பும் எண்ணெயும் முட்டையும் என்ன விலைக்கு விற்றன, அதன் பிறகு என்ன விலைக்குப் போயின என்பதைக் குடும்பம் நடத்தும் யாரும் சொல்வார்கள். விலைவாசியோடு சேர்ந்து அகவிலைப்படி ஏறுவதுபோல இந்த எட்டு ரூபாய் தானாக ஏறுவதில்லை. அரசு ஊழியனாக இருந்த எனக்கு ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி கணக்கிட்டார்கள். குழந்தையின் தட்டுக்கு அந்தக் கணக்கு கிடையாது. நிர்ணயித்த தொகையைத் தாண்டி ஆகும் செலவை மாநிலம் தன் கையிலிருந்து போடுகிறது. இதில் தமிழ்நாட்டை நான் மனதாரப் பாராட்டுவேன்.

ஆனால் என் கவலை தட்டைப் பற்றியதல்ல. அக்காவின் வேலை நாளை எடுத்துக்கொள்கிறேன். காலையில் மையத்தைத் திறந்ததும் வருகைப் பதிவு. உதவியாளர் சமைக்கப் போய்விடுவார், சமையலுக்கு நடுவே குழந்தைகளை வீட்டிலிருந்து அழைத்து வருவதும் அவரே. கர்ப்பிணிகள் சத்துமாவு வாங்க வருவார்கள். எடைபார்க்கும் நாள் என்றால் அம்மாக்கள் வரிசையில் நிற்பார்கள். தடுப்பூசி நாள் என்றால் கிராமச் சுகாதாரச் செவிலியர் வருவார். பிறகு பதிவேடுகள்: உணவு இருப்பு, வளர்ச்சி, வீடுபார்வை, கர்ப்பிணி, வளரிளம் பெண்கள். 2021இல் போஷன் டிராக்கர் செயலி வந்த பிறகு காகிதத்தில் எழுதியதைக் கைப்பேசியிலும் ஏற்ற வேண்டியதாயிற்று. 2025 ஜூலை முதல் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் உணவுக்கு முகப்பதிவு வேறு. தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி நிலை அலுவலர் பணி. இவற்றுக்கு இடையில் மூன்று, நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகள் இருபது இருபத்தைந்து பேர் அந்த அறையில் இருப்பார்கள்.

“பாட்டுச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தால் யாராவது வாசலில் வந்து நிற்பார்கள். எழுந்து போய்விட்டு வந்து பார்த்தால் பிள்ளைகள் பாட்டை மறந்திருப்பார்கள்” என்று அக்கா சொல்வார். அவருக்குக் கற்பிக்கத் தெரியாது என்று நான் சொல்ல மாட்டேன். என் பிள்ளைகள் எண்ணக் கற்றுக்கொண்டது அவரிடம்தான், அதுவும் விடுமுறை நாள்களில், எங்கள் வீட்டுத் திண்ணையில்.

இப்போது நான் சொல்லப் போகும் ஆய்வு நம் மாநிலத்திலேயே நடந்தது. அதைப் பற்றித் தமிழில் இன்னும் அதிகம் பேசியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அலெஹாந்த்ரோ கானிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் என்ற மூன்று பொருளியலாளர்கள் தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 320 அங்கன்வாடி மையங்களை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் பாதி மையங்களுக்கு ஒரு கூடுதல் ஆளைக் கொடுத்தார்கள். அரை நாள் வேலை. முன்பருவக் கல்வி மட்டும்தான் பொறுப்பு. வேறு மாற்றம் எதுவும் இல்லை. புதிய கட்டடமும் இல்லை, கணினியும் இல்லை.

குழந்தைகளுக்குக் கிடைத்த கற்றல் நேரம் இரண்டு மடங்கானது. மொழியிலும் கணக்கிலும் அவர்கள் மற்ற மையக் குழந்தைகளைவிட முன்னேறினார்கள். இதை எதிர்பார்க்கலாம். எதிர்பாராதது இன்னொன்று: அந்த மையங்களில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத குழந்தைகளின் விகிதமும், கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்தன. கூடுதல் ஆள் உணவைத் தொடவே இல்லை. ஆனால் பழைய பணியாளருக்கு நேரம் கிடைத்தது. எடை குறைந்த குழந்தையின் வீட்டுக்குப் போக, தாயிடம் நின்று பேச, சத்துமாவு வீட்டில் யார் வயிற்றுக்குப் போகிறது என்று பார்க்க அவருக்கு இப்போது முடிந்தது. இந்தச் செலவால் பிற்காலத்தில் விளையக்கூடிய பலன், செலவைப்போல 13 முதல் 21 மடங்கு வரை இருக்கும் என்று அவர்கள் மதிப்பிட்டார்கள். பிற்கால வருமானத்தை வைத்துச் செய்த கணிப்பு அது. அதில் பாதியைத் தள்ளிவிட்டாலும் இதற்கு ஈடான அரசுச் செலவு அரிது.

1980ஆம் ஆண்டுத் திட்டம் ஏன் வேலை செய்தது என்பதையும் இந்த ஆய்வையும் சேர்த்துப் படித்தால் பாடம் ஒன்றுதான். ஒரு பணியாளருக்கு அளவான வேலை கொடுத்தால் அவர் அதை நன்றாகச் செய்கிறார். நான்கு துறைகளின் வேலையை ஒருவர் மீது ஏற்றினால், யாரும் கணக்குக் கேட்காத வேலை முதலில் விழுகிறது. பதிவேடு எழுதாவிட்டால் மேற்பார்வையாளர் கேட்பார். செயலியில் ஏற்றாவிட்டால் மாவட்டத்திலிருந்து தொலைபேசி வரும். பாட்டுச் சொல்லிக்கொடுக்கவில்லை என்று கேட்க மூன்று வயதுக் குழந்தைக்குத் தெரியாது.

இது இவ்வளவு தெளிவாக இருந்தும் ஏன் நிதிநிலை அறிக்கையில் வரவில்லை? கருவூலத்தில் உட்கார்ந்தவனாக எனக்குத் தெரிந்த விடை: கட்டடம் ஒருமுறைச் செலவு, பணியிடம் முப்பது ஆண்டுச் செலவு. அங்கன்வாடிக் கட்டடத்துக்கான மத்திய நிர்ணயம் ஏழு லட்சத்திலிருந்து பன்னிரண்டு லட்சமாக உயர்ந்திருக்கிறது. பெரும்பகுதியை நூறு நாள் வேலைத் திட்டத்திலிருந்து தருவது என்று வகுத்திருந்தார்கள். கட்டி முடித்தால் திறப்பு விழா உண்டு, கல்வெட்டில் பெயர் உண்டு. பணியிடம் என்றால் ஆண்டு ஊதிய உயர்வு, ஓய்வூதியம், சங்கம், வழக்கு எல்லாம் கூடவே வரும் என்று நிதித் துறை பார்க்கிறது.

இதைவிட மோசமான ஒன்றும் இருக்கிறது. காலிப் பணியிடம் அரசுக் கணக்கில் சேமிப்பாகத் தெரியும். ஊதியத்துக்கென்று ஏப்ரலில் ஒதுக்கிய தொகை, ஆள் இல்லாததால் செலவாகாமல் மார்ச்சில் திரும்ப ஒப்படைக்கப்படும். அந்தக் காகிதத்தில் அது ஒரு மிச்சம், நல்ல செய்தி. ஊரில் பார்த்தால் ஒரே பணியாளர் இரண்டு மையங்களைக் கூடுதல் பொறுப்பாகச் சுமந்துகொண்டு, காலையில் ஒன்றிலும் மதியம் மற்றொன்றிலும் இருப்பார். இல்லாத நேரத்தில் உதவியாளர்தான் எல்லாம். 2025இல் தமிழ்நாடு 7,783 அங்கன்வாடிப் பணியிடங்களை நிரப்ப அறிவிக்கை வெளியிட்டது: 3,886 பணியாளர்கள், 305 குறு அங்கன்வாடிப் பணியாளர்கள், 3,592 உதவியாளர்கள். நல்லது. ஆனால் அந்த எண்ணைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். அத்தனை இடங்கள் காலியாகக் கிடந்தன, அத்தனை மையங்களில் குழந்தைகள் பாதி ஆளோடு இருந்தார்கள். மூன்று வயதில் சேர்ந்த குழந்தை, இடம் நிரம்புவதற்குள் ஒன்றாம் வகுப்புக்குப் போயிருக்கும்.

ஊதியத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசு தன் கணக்கில் ஓர் அங்கன்வாடிப் பணியாளருக்கு மாதம் 4,500 ரூபாய், உதவியாளருக்கு 2,250 ரூபாய் என்று 2018 அக்டோபரில் நிர்ணயித்தது. அதில்தான் 60 பங்கு. தமிழ்நாடு பணியாளருக்கு 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் தொடங்கி, ஓராண்டு கழிந்ததும் 7,700 - 24,200 என்ற சிறப்புக் காலமுறை ஊதியத்தில் வைக்கிறது. மத்திய நிர்ணயத்துக்கு மேல் உள்ள வித்தியாசம் முழுவதும் மாநிலத்தின் செலவு. இவர்கள் அரசுப் பதவி வகிப்பவர்கள் அல்லர் என்று உச்ச நீதிமன்றம் 2006இல் சொன்னது. 2022 ஏப்ரலில் அதே நீதிமன்றம், பணிக்கொடைச் சட்டம் இவர்களுக்கும் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. இரண்டு தீர்ப்புகளுக்கும் இடையே பதினைந்து ஆண்டுகளுக்கும் மேல். அதற்குள் ஒரு தலைமுறைப் பணியாளர்கள் ஓய்வு பெற்றுப் போய்விட்டார்கள்.

மூன்று வயதுக்குக் கீழே வந்தால் நிதிநிலை அறிக்கை ஏறக்குறைய மௌனமாகிவிடுகிறது. இந்தியத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் பெண்களில் நாற்பது சதவீதத்துக்கும் மேற்பட்டோர் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். இதை நாம் பெருமையோடு மேடைகளில் சொல்கிறோம். அவர்களின் ஒன்றரை வயதுக் குழந்தை பகல் முழுவதும் எங்கே இருக்கிறது? பாட்டியிடம் இருக்கிறது, பக்கத்து வீட்டில் இருக்கிறது, சில நேரம் எட்டாம் வகுப்புப் படிக்க வேண்டிய அக்காவிடம் இருக்கிறது. முப்பதுக்கு மேல் பெண் தொழிலாளர்கள் இருந்தால் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று, 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் சொன்னது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கு 2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலத் திருத்தச் சட்டமும் அதையே சொன்னது. சட்டம் வேலை தருபவரிடம் விட்டுவிட்டது. வீட்டு வேலை செய்பவருக்கும், சித்தாளுக்கும், பூக்கட்டுபவருக்கும் அப்படி ஒரு முதலாளி கிடையாது.

அவர்களுக்காக இருந்தது தேசியக் குழந்தைகள் காப்பகத் திட்டம். ஒரு காலத்தில் நாடு முழுவதும் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்ட காப்பகங்கள் அதன் கீழ் இயங்கின. 2017 முதல் அந்தச் செலவில் மத்திய அரசு 60, மாநிலம் 30, நடத்தும் தொண்டு நிறுவனம் 10 என்று பங்கு பிரிக்கப்பட்டது. சில ஆண்டுகளில் எஞ்சியவை ஆறாயிரத்துச் சொச்சம். தேவை குறைந்ததால் யாரும் காப்பகத்தை மூடவில்லை. செலவின் பங்கு மூன்றாகப் பிரிந்தபோது மூவரில் யாருக்கும் அது சொந்தப் பிள்ளையாக இல்லாமல் போனது. இப்போது ‘பால்னா’ என்ற பெயரில் அங்கன்வாடியோடு சேர்ந்த காப்பகங்கள் நாடு முழுவதற்கும் 17 ஆயிரம் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் மட்டும் ஆறு வயது வரையிலான குழந்தைகள் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சுமார் 74 லட்சம் என்பதை இதோடு வைத்துப் பார்க்க வேண்டும்.

மகளிர் உரிமைத் தொகையை நான் ஆதரிக்கிறேன். வேலைக்குப் போகும் பெண்கள் தங்க அரசு கட்டும் தோழி விடுதிகளையும் ஆதரிக்கிறேன். ஆனால் மாதம் ஆயிரம் ரூபாயைக் கொண்டு எட்டு மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஆளை எந்தத் தாயாலும் அமர்த்த முடியாது. அதை அரசுதான் கூட்டாக ஏற்பாடு செய்ய முடியும்.

எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐம்பதாயிரம் மையங்களில் மையத்துக்கு ஒருவராக, இப்போது அங்கன்வாடிப் பணியாளருக்குத் தரும் தொடக்க ஊதியமான 7,700 ரூபாயே கொடுத்தால், ஆண்டுக்கு 462 கோடி ரூபாய். மாநிலத்தின் ஆண்டு வருவாய்ச் செலவு மூன்று லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது. அரசு செலவிடும் ஒவ்வோர் ஆயிரம் ரூபாயிலும் இரண்டு ரூபாய்க்கும் குறைவாகத்தான் இது வரும். ஊதிய உயர்வு, பயிற்சி, ஓய்வூதியம் எல்லாம் சேரும்போது தொகை ஏறும், மறுக்கவில்லை. கடன் சுமையும் வட்டிச் செலவும் எனக்குத் தெரியாதவை அல்ல, எத்தனையோ முறை நிதி நெருக்கடிச் சுற்றறிக்கைகளைப் படித்தவன்தான். ஆனால் ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட நால்வரில் ஒரு குழந்தை வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருப்பதாகவும், பாதிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு இரத்தசோகை இருப்பதாகவும் சொல்கிறது. சத்துமாவும் முட்டையும் இருக்கும் மாநிலத்தில் இப்படி. உணவோடு ஆளும் வேண்டும் என்பதற்கு எனக்கு வேறு ஆதாரம் தேவைப்படவில்லை.

ஒரேயடியாக ஐம்பதாயிரம் மையங்களில் தொடங்க வேண்டியதில்லை. நாற்பது குழந்தைகளுக்கு மேல் வரும் மையங்களில் முதல் ஆண்டு, பழங்குடிப் பகுதிகளிலும் மீனவக் கிராமங்களிலும் தொழிற்பேட்டைகளை ஒட்டிய ஊர்களிலும் அதோடு சேர்த்து, என்று படிப்படியாகப் போகலாம். தொழிற்பேட்டை ஊர்களில் அதே கூடுதல் ஆளை மாலை வரை வைத்துக் காப்பகமாகவும் நடத்தலாம். ஆனால் கல்விக்கென்று எடுக்கும் ஆளிடம் பதிவேட்டைக் கொடுக்கக்கூடாது என்று அரசாணையிலேயே எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் ஆறு மாதத்தில் அவரும் கைப்பேசியும் கையுமாக இருப்பார்.

இன்னொரு வேண்டுகோள் துறையின் கொள்கை விளக்கக் குறிப்புக்கு. அதில் மையங்களின் எண்ணிக்கை, பயனாளிகளின் எண்ணிக்கை, செலவு எல்லாம் ஆண்டுதோறும் அச்சிடுகிறார்கள். மாவட்டவாரியாகக் காலிப் பணியிடங்களையும், அவற்றின் ஊதியத்துக்கென ஒதுக்கித் திரும்ப ஒப்படைத்த தொகையையும் அதற்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். ஒரு வரி போதும். மானியக் கோரிக்கை விவாதத்தில் பேசும் சட்டமன்ற உறுப்பினர் கையில் அந்த வரி இருந்தால் கேள்வி தானாக வரும்.

இதைக் கேட்க வேண்டிய காலமும் முக்கியம். நிதிநிலை அறிக்கை வாசிக்கப்பட்ட பிறகு பேசுவது பெரும்பாலும் தாமதம். அடுத்த ஆண்டுக்கான பணியிடங்களின் எண்ணிக்கையைக் காட்டும் எண் விவரப் பட்டியலையும், பகுதி-2 திட்டங்கள் என்று சொல்லப்படும் புதிய செலவினங்களுக்கான கருத்துருக்களையும் துறைகள் ஏறக்குறைய செப்டம்பர், அக்டோபரிலேயே தயாரிக்கத் தொடங்கிவிடும். ஆகஸ்ட் 15 அன்றும் அக்டோபர் 2 அன்றும் ஒவ்வோர் ஊராட்சியிலும் கிராம சபை கூடுகிறது. சாலையும் குடிநீரும் பேசி முடித்த பிறகு, எங்கள் ஊர் அங்கன்வாடியில் இத்தனை குழந்தைகள் இருக்கிறார்கள், ஒரு பணியாளர்தான் இருக்கிறார், முன்பருவக் கல்விக்கு ஒரு கூடுதல் பணியிடம் வேண்டும் என்று ஒரு தீர்மானம் எழுதி, குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் நகல் அனுப்பலாம். எங்கள் ஊராட்சிக்காக ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன். அக்கா அதில் குழந்தைகளின் எண்ணிக்கையைத் திருத்திக் கொடுத்திருக்கிறார். வரும் ஆகஸ்டில் அதை முன்மொழியப் போகிறவர் அவர்தான்.